‘நீங்கள் சும்மா உட்காருங்கள்’: உடலும் மனமும் இயங்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினோரு ஆண்டுகளாகக் காலை வேளையில் ஓர் உடற்பயிற்சிக் குழுவை நடத்தி வருகிறேன். முப்பது வயதுக்காரர்களும் வருகிறார்கள், எண்பதைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். கொஞ்ச நாள் முன்பு 68 வயதுக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். நான்காம் நாள் அவருக்கு முழங்காலில் சிறு பிடிப்பு. அதன்பின் மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. போன் செய்தேன். மகன் எடுத்தார். “அப்பாவை நாங்கள் அசையவே விடவில்லை. முழு ஓய்வில் இருக்கிறார்” என்றார். குரலில் பெருமை தெரிந்தது.

போனை வைத்தபிறகும் வெகுநேரம் என் மனம் ஆறவில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, இதே வார்த்தைகளை இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு என் தந்தை கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் குடியுங்கள், நல்ல காலணி அணியுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

முதல் வாரமே அகலக்கால் வைப்பது

நான் பயிற்சியைத் தொடங்கியது 47 வயதில். முதல் வாரம் நடந்தேன், இரண்டாம் வாரமே தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை, உற்சாகமாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்தபோது குதிகாலுக்கு மேலே சுரீரென்று வலித்தது. குதிகால் நாண் புண்பட்டிருந்தது. அது ஆற நான்கு மாதமாயிற்று.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் ரத்த ஓட்டம் குறைவு, அவை பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு சீராக இருப்பதை வைத்து ‘இன்னும் ஓடலாம்’ என்று முடிவெடுத்தால், பின்தங்கியிருக்கும் நாண்தான் அடிபடும். ராபர்ட் மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2012-இல், தம் 100-வது வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். இரண்டு ஆண்டு கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். நூறு வயதுக்குப் பிறகு வேகம் கூடியிருக்கிறது! அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை அவர் நிதானமான வேகத்தில்தான் செய்தார். புதிதாக வருபவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது அந்த நான்கு பங்கைத்தான்.

பத்தாயிரம் அடி என்ற கணக்கு

தினமும் பத்தாயிரம் அடி எடுத்துவைத்து நடக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு அன்று. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் அது: ‘மான்போ-கே’, பத்தாயிரம் அடி மானி. 2019-இல் சராசரியாக 72 வயதுள்ள பெண்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி மட்டுமே நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே பத்தாயிரம் எட்டாத நாளில் மனம் நொந்துபோக வேண்டாம். இரண்டாயிரத்தில் நிற்பவர் நாலாயிரத்துக்குப் போவதுதான் பெரிய தாவல்.

“தினமும் நடக்கிறேனே, போதாதா?”

போதாது. நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் நாற்காலியிலிருந்து எழவும், படியேறவும், இடறினால் சமாளிக்கவும் தொடையிலும் இடுப்பிலும் வலு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தோடு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் அதில் உண்டு. பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள்.

“இந்த வயதில் தசை எங்கே வளரப்போகிறது?” என்று கேட்பவர்களுக்கு 1990-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அவர்களில் இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிவிடுவது

இதைச் சற்று நீட்டித்தான் சொல்லப்போகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. அன்பின் பெயரால் நடப்பதால் இதைத் தவறென்று யாரும் உணர்வதில்லை.

என் தந்தைக்கு அப்போது 74 வயது. மொட்டை மாடியில் முப்பது தொட்டிகளில் செடி வளர்த்தார். மாடிக்குப் பதினெட்டுப் படி. நாளைக்கு நான்கு முறையாவது ஏறி இறங்குவார். கையில் ஒரு குட்டி நோட்டு இருக்கும். எந்தச் செடிக்கு என்றைக்கு உரம் வைத்தார், எதில் மொட்டு விட்டது என்று பென்சிலால் பொடி எழுத்தில் குறித்து வைப்பார். வீட்டு வரவு செலவும் அவர் கையில்தான் இருந்தது.

ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டது. எழுந்து மாடிக்குப் போகப் பார்த்தார். “நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றேன். செடிகளுக்குக் குழாய் இழுத்துத் தானாகத் தண்ணீர் விழும்படி செய்தேன். கணக்கைத் தங்கை வாங்கிக்கொண்டாள். கேட்பதற்கு முன்பே எல்லாம் அவர் கட்டிலுக்கு வந்தது. உறவினர்கள் பாராட்டினார்கள். “இப்படி ஒரு பிள்ளை கிடைக்க வேண்டுமே” என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவர் எழுந்து நின்றபோது பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்றதும் கை சுவரைத் தேடியது. வேட்டிக்குக் கீழே கெண்டைக்கால் குச்சியாகத் தெரிந்தது. மூன்றாம் படியில் நின்றுவிட்டு, “போதுமடா” என்று திரும்பினார். அந்த நோட்டில் காய்ச்சலுக்கு முந்தைய நாளோடு எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டு இருந்தார். ஒருமுறைகூட மாடிக்குப் போகவில்லை. “என்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டீர்களே” என்று ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

அவரைக் காய்ச்சல் முடக்கியதாகத்தான் நெடுநாள் நம்பியிருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. 2007-இல் வந்த ஆய்வு ஒன்றில், சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாதவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாமல் பத்து நாளில் இவ்வளவு என்றால், என் தந்தைக்குக் காய்ச்சலோடு பத்து நாள், அதற்கு மேல் என் அன்போடு ஒரு மாதம்.

இளமை இதிலிருந்து காப்பாற்றிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 50 வயதில், அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு அவர்களின் உடல் திறனைக் குறைத்ததைவிட, இருபது வயதில் படுத்திருந்த அந்த மூன்று வாரம் அதிகமாகக் குறைத்திருந்தது! அடுத்து நடந்தது நம்பிக்கை தருவது. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டில் இழந்த திறன் திரும்பிவிட்டது.

வலி வந்தால் என்ன செய்வது? குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முழங்கால் பிடித்துக்கொண்டால் இடுப்புக்கும் தோளுக்கும் கைகளுக்கும் வேலை கொடுக்கலாம். பத்துக்கு மூன்று அளவு வலியோடு மெல்ல நடக்கலாம், மறுநாள் காலை அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீக்கம் இருந்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால், மருத்துவரிடம் போக வேண்டும். அவரே ஓய்வு சொன்னால், “எந்த உறுப்புக்கு, எத்தனை நாள்?” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள் குறிக்காத ஓய்வுதான் ஆளைச் சாய்க்கிறது.

என் தந்தை இழந்தது தசையை மட்டுமன்று. மாடியில் முப்பது செடிகள் அவருக்காகக் காத்திருந்தன, அந்தக் காத்திருப்பை நான் இல்லாமல் செய்துவிட்டேன். சிகாகோவில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2010-இல் வந்தது. வாழ்க்கையில் குறிக்கோள் உண்டு என்று உறுதியாக உணர்ந்தவர்களை, அது குறைந்திருந்தவர்களைவிட, அல்சைமர் நோய் குறைவாகவே பாதித்திருந்தது. குறிக்கோள்தான் நோயைத் தடுத்தது என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் அந்தக் குட்டி நோட்டை நினைத்தால் எனக்கு வேறு நிரூபணம் தேவைப்படவில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து எந்த வேலையை வாங்கலாம் என்று பார்க்காதீர்கள், எதை விட்டுவைக்கலாம் என்று பாருங்கள். எழுந்து போய்ச் செய்ய வேண்டியதாக, கொஞ்சம் கணக்கோ நினைவோ கேட்பதாக, அவர் செய்யாவிட்டால் நடக்காததாக ஒரு வேலை. கனமாக இருந்தால் பாதியை வாங்குங்கள். ஏணியில் ஏற வேண்டாம் என்று சொல்லலாம், செடியையே தொட வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நீங்களே அந்தப் பெரியவர் என்றால், பிள்ளைகள் அன்போடு கை நீட்டும்போது கொடுத்துவிடாதீர்கள்.

மூளைக்குப் புதிர் போட்டுக்கொண்டே இருப்பது

குறுக்கெழுத்தில் தேறியவர் குறுக்கெழுத்தில் தேறுகிறார். அதில் தவறில்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டு நினைவாற்றலுக்கு வேலை கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 60 முதல் 90 வயதுவரை உள்ளவர்களுக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையையோ துண்டுத்துணித் தையலையோ புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். வாரம் சுமார் பதினைந்து மணி நேரம், மூன்று மாதம். அவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசி உல்லாசமாகப் பொழுதைக் கழித்த குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தெரிந்ததைத் திரும்பச் செய்வதில் சுகம் இருக்கிறது. தெரியாததில் திணறும்போதுதான் மூளை உழைக்கிறது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவது

ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள்.

தவறவிட்ட நாளை ஈடுகட்டுவது

வேண்டாம். போனது போகட்டும்.

நெஞ்சிறுக்கத்தை வாயு என்று சொல்வது

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உடனே மருத்துவ உதவி.

தொடங்கிய இடத்தைக் குறித்து வைக்காமல் விடுவது

எடை பார்க்கும் கருவியில் ஏறி இறங்குவதைவிட நாற்காலிச் சோதனை பயனுள்ளது. கைப்பிடி இல்லாத, 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆணுக்கு 12-க்குக் குறைந்தால் கால் வலு போதவில்லை என்று கொள்வார்கள், பெண்ணுக்கு 11. எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள்.

அந்த 68 வயதுக்காரர் வீட்டுக்கு நேரிலேயே போனேன். மகனிடம் என் தந்தையின் கதையைச் சொன்னேன். மறு வாரம் அவரைக் கூட்டிவந்தார். அன்று நாற்காலியிலிருந்து ஏழு முறைதான் எழ முடிந்தது. ஏழாவது முறை முழங்கால்கள் உள்நோக்கி மடங்கின. பயிற்சிக் கூடத்துச் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் அவரிடம் கொடுத்து, “அண்ணா, இனிமேல் காலையில் நீங்கள்தான் திறக்க வேண்டும்” என்றேன். “நான் வராவிட்டால், தம்பி?” என்று கேட்டார். “எல்லோரும் வாசலில் நிற்போம்” என்றேன்.

ஆறு வாரமாகக் கதவு ஐந்தே முக்காலுக்குத் திறந்திருக்கிறது. நேற்று பத்து முறை எழுந்தார். இன்னும் இரண்டு வேண்டும்.