மாற்றியமைத்த ஸ்லாட் காரை வீட்டு ட்ராக்கில் சோதிப்பது எப்படி? சாட்சி வண்டி முறை

ஸ்லாட் கார் என்பது ட்ராக்கில் உள்ள காடியில் (ஸ்லாட்) மாட்டி, அதன் ஓரத்துத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வாங்கி ஓடும் பொம்மைக் கார். அடியில் உள்ள காந்தம் அதைத் தண்டவாளத்தோடு இழுத்துப் பிடிக்கும். டயரை மாற்றியாச்சு, காந்தத்தை நகர்த்தியாச்சு. வண்டி வேகமாகிவிட்டதா? "வேகமாப் போற மாதிரிதான் இருக்கு" என்பதெல்லாம் பதிலாகாது. 1:32 அளவு (அசல் காரில் 32-ல் ஒரு பங்கு) அனலாக் ட்ராக்கில் (வோல்ட்டை வைத்தே வேகம் மாறும் ட்ராக்) இரண்டு வண்டிகளை நியாயமாக ஒப்பிட நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். ட்ராக்கைக் கோப்பது, பிரெய்டு (தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பிப் பின்னல்) மாட்டுவது எல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும், அதற்குள் போகவில்லை.

1. இடம்

செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வளவைச் (நடுமுற்றத்தை) சுற்றி ஓடும் தாழ்வாரம் நீளமாக இருக்கிறதே என்று அங்கே விரிக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் வானவெளி வழியாக விழும் வெயில் ட்ராக் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வரும். கறுப்பு பிளாஸ்டிக் சூடேறி விரிந்தால் துண்டுகள் சேரும் இடம் தூக்கிக்கொள்ளும். காலையில் வழுவழுவென்று போன இடத்தில் மதியம் வண்டி குதிக்கும். முகப்புதான் (வீட்டின் முன்கூடம்) சரி.

ஆத்தங்குடிக் கல் தரை மட்டமாக இருக்கும், அது நல்லது. ஆனால் எங்கள் ஆயா (பாட்டி) தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் தரையைத் துடைக்கச் சொல்வார்கள். வளைவில் ஸ்லாட்டை விட்டுப் பறந்த வண்டி அந்தத் தரையில் ஒரு முழம் வழுக்கினாலே போதும், பின் டயரில் எண்ணெய் ஏறிவிடும். அப்படியே எடுத்து ஸ்லாட்டில் வைத்தால் அடுத்த சில சுற்றுகளும் வீண். வண்டி கீழே விழும் ஒவ்வொரு முறையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் டயரைத் துடைத்து, மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் உருட்டுங்கள். டேப்பில் அழுக்கு வராத வரை உருட்ட வேண்டும்.

எண்ணெய்க்குப் பயந்து ஜமுக்காளம் விரிப்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். நூல் பிசிறு ஆக்ஸிலில் சுற்றிக் கியருக்குள் போய்விடும்.

2. மின்சாரம்

இந்த வண்டிகளில் பரவலாக இருக்கும் சிறிய மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுற்றும். 9 பல் பினியன் (மோட்டார் பக்கப் பல்சக்கரம்), 27 பல் கிரவுன் (ஆக்ஸில் பக்கப் பல்சக்கரம்) என்றால் சக்கரத்துக்கு வருவது அதில் மூன்றில் ஒரு பங்கு, 6,000. வோல்ட் 11 ஆக இறங்கினால் 5,500. வண்டியில் கை வைக்காமலே வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்களுக்குச் சாயங்கால லோ வோல்டேஜில் நடப்பது இதுதான்.

புது டயர், புது மோட்டார் வாங்கும் முன் வோல்ட்டைத் திருகி வைக்கும் வசதியுள்ள பெஞ்ச் பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். சோதனைக்கு இதைவிட உபயோகமான சாமான் இல்லை என்பது என் கட்சி.

அப்புறம் தண்டவாளம். பூட்டிக் கிடந்த வீட்டில் மாதக்கணக்கில் இருந்த ட்ராக்கில் இணைப்புகள் மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துவிடுங்கள், உப்புத்தாள் வேண்டாம். மின்சாரம் நுழையும் இடத்துக்கு எதிர்க்கோடியில் மல்டிமீட்டரை வைத்து, அதே லேனில் வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டும், ஓடும்போதுதான் உண்மை தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்தக் கோடிக்குத் தனியாக ஒயர் இழுத்துக் கொடுங்கள்.

3. சாட்சி வண்டி

எல்லோரும் ஏமாறும் இடம் இது. மாற்றுவதற்கு முன் நேரம் குறிக்கிறோம், டயர் மாற்றுகிறோம், மறுபடி குறிக்கிறோம். குறைந்திருக்கிறது. உடனே டயருக்கு மார்க் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த இடைவெளியில் ட்ராக்கும் மாறியிருக்கும். ஓட ஓடச் செம்மண் தூசி ஒதுங்கி, பிடிப்பு கூடிக்கொண்டே போகும்.

அதனால் கை வைக்காத வண்டி ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும். அதுதான் சாட்சி. முதலில் சாட்சி 20 சுற்று, அடுத்து மாற்றிய வண்டி 20 சுற்று, உடனே மறுபடி சாட்சி 20 சுற்று. எல்லாம் ஒரே லேனில். உள் லேனும் வெளி லேனும் ஒரே நீளம் கிடையாது.

உதாரணத்துக்கு, சாட்சி 6.42 வினாடி, மாற்றிய வண்டி 6.30, திரும்ப சாட்சி 6.32 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டை மட்டும் பார்த்தால் 0.12 லாபம். சாட்சியின் சராசரி 6.37, எனவே நியாயமான லாபம் 0.07 தான். அதிலும் சாட்சியே தனக்குள் 0.10 மாறியிருக்கிறதே? அப்போது அந்த 0.07-ஐ நம்ப முடியாது. சாட்சியின் இரண்டு நேரங்களும் ஒட்டி வரும்வரை ட்ராக்கை ஓட்டிப் பழக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று: கண்ட்ரோலரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை) உங்கள் விரல் ஆள விடாதீர்கள். வண்டி எங்கேயும் பறக்காத அளவுக்கு வோல்ட்டைக் குறைத்து, கண்ட்ரோலரை முழுதாக அமுக்கிப் பிடித்தபடி ஓட்டுங்கள். இரண்டு வண்டிக்கும் அதே வோல்ட். இதில் தெரிவது மோட்டார், கியர், உராய்வு இவற்றின் வித்தியாசம். டயரின் பிடிப்பு இதில் சரியாகத் தெரியாது, ஏனென்றால் வளைவு வண்டியைச் சோதிக்கவே இல்லை. பிடிப்புக்குத் தனிச் சோதனை: கால் வோல்ட், கால் வோல்ட்டாக ஏற்றிக்கொண்டே போய், எந்த வோல்ட்டில் வண்டி முதலில் பறக்கிறது என்று குறியுங்கள். சாட்சி பறப்பதைவிட அதிக வோல்ட்டில் பறந்தால் டயரோ காந்தமோ வேலை செய்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் குழப்பினால் எதுவும் விளங்காது.

4. நேரம் எடுப்பது

கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் பிழை வரும். சென்சார் வைத்த லேப் கவுண்டர் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் ஃபோனை முடிவுக்கோட்டுக்கு மேலே அசையாமல் பொருத்தி, வினாடிக்கு 60 ஃபிரேமில் வீடியோ எடுங்கள். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 0.017 வினாடி. 20 சுற்றின் நேரங்களை ஏறுவரிசையில் எழுதி, நடுவில் வரும் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த நேரம் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

5. காந்தம்

காந்த இழுவையை அளக்கச் சமையல்கட்டு டிஜிட்டல் தராசு போதும். ஒரு துண்டு ட்ராக்கைச் செங்கல் மேல் இறுகக் கட்டித் தராசில் வையுங்கள். வண்டியை அதன் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். காந்தத்துக்கு நேர் மேலே நூல் கட்டி மெல்ல நேராகத் தூக்குங்கள். எண் மைனஸில் இறங்கிக்கொண்டே போய், 'டக்'கென்று வண்டி பிரியும். பிரிவதற்கு முன் காட்டிய பெரிய மைனஸ் எண்ணில், மைனஸ் குறியை விட்டுவிட்டு, வண்டியின் எடையைக் கழித்தால் காந்தத்தின் இழுவை. அந்த எண் கண்ணில் நிற்காது, தராசையும் வீடியோ எடுங்கள். வண்டியை மட்டும் ட்ராக்கோடு தராசில் வைத்தால் இழுவை தெரியவே தெரியாது, எடைதான் காட்டும்.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சொல்வது சுலபம். ஆனால் டயரைத் தேய்த்து வட்டமாக்கினாலே இரண்டு மூன்று மாறிவிடும். 20 மி.மீ. விட்டம் 19 ஆனால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் 5% குறையும், காந்தமும் தண்டவாளத்துக்கு அரை மி.மீ. நெருங்கும். அதனால் டயரில் கை வைத்தால் காந்த இழுவையையும் திரும்ப அளந்து குறிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய சாட்சி வண்டி வேகமாவதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் மெதுவாகிறதாம். ட்ராக் சுத்தம், வோல்ட்டும் சரி. அநேகமாக மோட்டார் சூடு. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4% கூடும், 30 டிகிரி ஏறினால் 12%. கத்திரி வெயிலில் மோட்டார் ஆறவும் நேரமாகும். ஒவ்வொரு வண்டியையும் 20 சுற்று எண்ணுவதற்கு முன் ஐந்து சுற்று சும்மா ஓடவிடுங்கள், ஓடி முடித்ததும் பாடியைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஃபேன் காற்று ட்ராக்கின் மேல் படக்கூடாது, தூசி திரும்ப வந்து உட்காரும்.