அதிகம் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் சஸ்பென்ஷனைப் புதுப்பிக்கும் முறை

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றிவிட்டு, ஆட்டம் குறையவில்லையே என்று வருந்துவோர் பலர். பெரும்பாலும் கோளாறு ரப்பர் புஷ்களில்தான் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும், நடுவே உலோக உள்குழாய் கொண்ட ரப்பர் உருளைகள்) இருக்கும். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கக்கூடும்.

பிறகு சேஸிஸை ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக அமர்த்துங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது). ஒவ்வொரு புஷ்ஷையும் கம்பியால் நெம்பிப் பார்த்து, ரப்பர் வெடித்தோ உள்குழாயிலிருந்து பிரிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் வழிந்து தூசி அப்பிய ஷாக் அப்சார்பர் ஒன்றே ஆனாலும், அதே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கை (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) கழற்றினால், அதை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும்.

பலர் தவறவிடுவது இறுதி முறுக்கைத்தான். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் ரப்பரோடு ஒட்டியிருப்பதால், சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கினால், வண்டி கீழிறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று விரைவில் கிழிந்துவிடும். ஆகவே வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முறுக்குங்கள். அடுத்து வீல் அலைன்மென்ட் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சோதியுங்கள்.