35 வாட்டா, 15 வாட்டா?

கத்திரி வெயிலில் வேலூரில் பழைய லேப்டாப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். சத்துவாச்சாரி வீட்டில் என்னிடம் இரண்டு பழசு. ஒன்றில் 2011-ல் வந்த இன்டெல் பிராசசர் ஐ5-2520எம், 35 வாட் (முழு வேலையில் சிப் கக்கும் சூட்டின் அளவு). இன்னொன்றில் 2013-ல் வந்த ஐ5-4300யூ, 15 வாட். இரண்டிலுமே 2 கோர், அதாவது வேலை செய்யும் பகுதிகள்; ஒரே நேரத்தில் 4 திரெட், அதாவது வேலைச் சரடுகள். அடிப்படை வேகம் பழையதில் 2.5 கிகாஹெர்ட்ஸ், அடுத்ததில் 1.9. அந்த நம்பரைப் பார்த்துத்தான் பழையதையே கட்டிக்கொண்டு அழுதேன்.

போன மே மாசம் அது எக்ஸெல் நடுவிலேயே பொசுக்கென்று அணைந்தது. கழற்றினால் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. பிரஷ்ஷால் தட்டி, புது பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தேன். விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசசர் உச்ச அளவை 99 சதவீதமாக்கினேன். அடிப்படை வேகத்துக்கு மேல் தானாகத் தாவும் டர்போ நின்றது, அணைவதும் நின்றது. ஆனாலும் மடியில் வைக்க முடியாத சூடு.

கடைசியில் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி 4300யூவில் மாட்டிவிட்டேன். தயாரிப்பு நுட்பம் 32 நானோமீட்டரிலிருந்து இன்னும் நுண்ணிய 22-க்கு வந்த சிப், சும்மா இருக்கும்போது ஃபேன் சத்தமே இல்லை. வீடியோவை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றும்போது மட்டும் பழையது கொஞ்சம் முந்தும். கணக்கு எழுதும் டேலிக்கும் பிரவுசருக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பழையது இப்போது தம்பியிடம். அவன் ஏசி ரூமில் வைத்திருக்கிறான்.