பேர் தெரியாத அந்த ஆளைப் பிடிப்பது எப்படி

ராயபுரத்தில் நாங்கள் கேரம் ஆடுகிற இடத்தில் எந்த இங்கிலீஷ் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் "கன்ன எலும்பு துருத்திக்கிட்டு ஒரு ஆள் வருவாரே" என்பார், எல்லோரும் தலையாட்டுவோம், பேர் மட்டும் ஒருத்தருக்கும் வராது. அந்த ஆள் பீட் போஸ்டில்த்வெய்ட். சினிமாவில் இந்தப் பேர் எடுபடாது, மாற்றிக்கொள் என்று சொல்லியும் மாற்றாதவர். இப்படி ஒரு குணச்சித்திர நடிகரைப் பிடித்து முழுசாகப் பார்ப்பது எப்படி என்பதை இவரை வைத்தே சொல்கிறேன்.

பிறந்த தேதியில் ஆரம்பிக்காதீர்கள், தூக்கம் வரும். ஏற்கெனவே பார்த்த படத்தில் ஆரம்பியுங்கள். 1997-இல் வந்த இரண்டாவது ஜுராசிக் பார்க் தமிழ் டப்பிங்கில் நம்ம ஏரியாவில் பார்க்காதவர்கள் குறைவு. அதில் டி-ரெக்ஸை வேட்டையாட வருகிற மொட்டைத்தலை ரோலண்ட் இவர்தான். கடைசியில் டி-ரெக்ஸ் கிடைத்துவிடுகிறது, ஆனால் கூட வந்த நண்பன் அஜய் செத்துப்போகிறான். வேலை தருகிறேன் என்று முதலாளி கூப்பிடும்போது, சாவோடு இருந்தது போதும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஓட்டிவிடாமல் அந்த ஒரு நிமிஷத்தைப் பாருங்கள். அந்தப் படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க் இவரை உலகத்திலேயே சிறந்த நடிகராக இருக்கலாம் என்று சொன்னார். இவரோ, "பீட் தன்னை உலகத்திலேயே சிறந்த நடிகர்னு நினைச்சுக்கிட்டிருக்கார்" என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார் என்று கிண்டலடித்தார்.

அப்புறம் கையைப் பாருங்கள். ஹீரோவுக்கு முகம் என்றால் சின்ன ரோல்காரருக்குக் கைதான் வசனம். 'தி டவுன்' படத்தில் பூக்கடை வைத்திருக்கிற ரவுடியாக வருவார். கதாநாயகனை மிரட்டும்போது குரல் ஏறாது, கை பாட்டுக்கு ரோஜாத் தண்டில் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும். பூக்கடையில் பேரம் பேசிப் பழகிய நமக்கு அது இன்னும் கிலி.

இப்போது வரலாற்றுக்கு வரலாம், சுருக்கமாக. 1946-இல் இங்கிலாந்தில் வாரிங்டனில் பிறந்தார். வாத்தியாராக இருந்துவிட்டுத்தான் பிரிஸ்டலில் நடிப்புப் படித்தார். 70-களில் லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கில் பில் நை, ஜூலி வால்டர்ஸ் எல்லாம் இவர் கூட நடித்தவர்கள். நாடகம், டிவி என்று பல வருஷம் ஓடி, ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கும்போது வயது 48. செய்யாத வெடிகுண்டுக் குற்றத்துக்கு மகனோடு ஜெயிலுக்குப் போகிற அப்பா, 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' (1993). விருது டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. இந்தப் படத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: மகன் கத்துகிற காட்சிகளில் சவுண்டைக் குறைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாவை மட்டும் பாருங்கள்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் 'பிராஸ்ட் ஆஃப்' (1996). நிலக்கரிச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள், தொழிலாளர்களின் பேண்டு செட்டை நடத்துகிற டேனிக்கு நுரையீரல் முழுக்கக் கரித்தூசி. லண்டனில் பெரிய மேடையில் ஜெயித்துவிட்டு, கோப்பை வேண்டாம், எங்கள் ஆட்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று பேசுவார். பின்னி மில் மூடி வீட்டில் ஒருத்தராவது சும்மா உட்கார்ந்ததைப் பார்த்த பெரம்பூர், புளியந்தோப்பு ஆட்களுக்குச் சப்டைட்டிலே தேவைப்படாது.

'இன்செப்ஷன்' (2010) கடைசி வரிசையில் இருக்கட்டும். படுக்கையில் கிடக்கிற அப்பா, நாலு வார்த்தைதான். 2011 ஜனவரி 2-ஆம் தேதி பீட் போய்விட்டார், வயது 64.

'தி யூசுவல் சஸ்பெக்ட்ஸ்' மட்டும் வரிசையில் எங்கே வேண்டுமானாலும் வரலாம், ஜப்பான் பேர் வைத்துக்கொண்டு எந்த ஊர் என்றே பிடிபடாத உச்சரிப்பில் பேசுகிற வக்கீல். ஆனால் யாராவது முடிவைச் சொல்வதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். எனக்கு ஒருத்தன் ஸ்ட்ரைக்கரைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டான், இன்றுவரை அவனோடு ஜோடி சேர்ந்து ஆடுவதில்லை.