செம்புக் குழாயில் முதல் பிரேசிங் இணைப்பு: புதியவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏர்கோன் வேலை பழக வரும் தம்பிகள் பலர் சோல்டரிங், பிரேசிங் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். உருகிக் குழாய்களை இணைக்கும் ஒட்டுக்கம்பி 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகினால் சோல்டரிங், மேலே உருகினால் பிரேசிங். இரண்டிலும் குழாய் உருகாது. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அழுத்தமும் அதிர்வும் உள்ள ஏர்கோன் குழாய்க்குப் பிரேசிங்தான் சரி.

வெட்டித் தள்ளிய துண்டுக் குழாயில் பழகுங்கள். கேஸ் இருக்கும் யூனிட்டில் நெருப்பு வைக்கவே கூடாது. ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸ் தீப்பிடிக்கும், நெருப்பில் பட்டால் நச்சுப் புகையும் வரும்.

குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, பளபளக்கும்வரை தேயுங்கள். தேய்த்த இடத்தில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். ஒரு குழாயை மற்றதுக்குள் செருகுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி போதும். உருகிய உலோகத்தை உள்ளே இழுப்பது அந்தச் சந்துதான்.

அடுத்து, நைட்ரஜனை மெதுவாக உள்ளே ஓடவிடுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது உள்ளே இருக்கும் காற்றில் சூடான செம்பு கருகி, கறுப்புச் செதில் படிந்து, பிறகு உதிர்ந்து, மெல்லிய கேப்பிலரி குழாயை அடைத்துவிடும்.

இனி சூடு. நிழலில் செய்யுங்கள், வெயிலில் குழாயின் நிறம் தெரியாது. முதலில் உள்குழாய், அப்புறம் வெளிக்குழாய் என்று டார்ச்சை அசைத்துக்கொண்டே இருங்கள். மங்கிய சிவப்பு வந்ததும், நெருப்புக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தொடுங்கள். கம்பியை உருக்க வேண்டியது குழாயின் சூடு, டார்ச் நெருப்பு அல்ல. நெருப்பில் உருகினால் சொட்டுச் சொட்டாக வெளியிலேயே நின்றுவிடும். செம்போடு செம்பு சேர பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி போதும், ஃபிளக்ஸ் என்ற சுத்தப்படுத்தும் பசை வேண்டாம். பித்தளைக்கு ஃபிளக்ஸ் வேண்டும். இரும்புக்கு இந்தக் கம்பியே ஆகாது, இணைப்பு நொறுங்கும்.

ஆறியபின் இணைப்பை ஹேக்ஸாவால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் இப்படித்தான் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் ஓட்டை தேடுகிறார்கள். உருகிய துளி எவ்வளவு படர்கிறது என்று கோணமும் அளக்கிறார்கள். கார் ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள், குழாய்கள் எல்லாம் நைட்ரஜன் நிறைந்த உலையில் சுமார் 600 டிகிரியில் ஒரே நேரத்தில் ஒட்டுகின்றன. அங்கேயும் சுத்தம், சந்து, சீரான சூடு என்ற மூன்றும்தான் வேலை செய்கின்றன.

அறுத்த இடத்தில், உருகி ஓடிய கம்பியின் வெளிறிய கோடு பாதியில் நின்றால், உள்குழாய்க்குச் சூடு போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஓடியிருந்தால், டார்ச் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. கோடு முழுதாக ஓடும்வரை துண்டிலேயே போடுங்கள். யூனிட்டில் போட்டபின் நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்ற வேண்டாம், உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.