இங்கிலாந்து வயல்ல பச்சை மூடி தெரிஞ்சா: ஆர்.ஓ.சி. பங்கர் பாக்கப் போறவங்களுக்கு

பிரிட்டன்ல கிராமப்பக்கம் நடந்து போனா மேட்டு வயல் ஓரத்துல பச்சை பெயின்ட் அடிச்ச சின்ன கான்கிரீட் பெட்டி ஒண்ணு புல்லுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும், நிறைய பேர் ஏதோ தண்ணி டேங்க்னு நினைச்சு தாண்டிப் போயிடுவாங்க. அணுகுண்டு விழுந்தா எங்க விழுந்துச்சு, எவ்ளோ பெருசுன்னு கணக்கெடுக்க ராயல் அப்சர்வர் கோர் (ஆர்.ஓ.சி.)ங்கிற கண்காணிப்புப் படை ஆளுங்க உக்கார தரைக்கு அடியில கட்டின பங்கர் அது. 1950கள்ல ஆரம்பிச்சு நாடு முழுக்க 1,500க்கு மேல கட்டுனாங்க, 1968ல கிட்டத்தட்ட பாதியை மூடிட்டாங்க, மிச்சம் இருந்ததும் 1991ல போச்சு.

மொதல்ல யார்க் ஊருக்குப் போங்க. அங்க 1961ல தொறந்த குரூப் தலைமையக பங்கரை, அதாவது இந்தக் குட்டி பங்கர்கள்லேர்ந்து தகவல் போய்ச் சேர்ற பெரிய பங்கரை, டிக்கெட் வாங்கி கைடோட பாக்கலாம். அதைப் பாத்துட்டுப் போனாதான் வயல்ல இருக்குற குட்டி பங்கர்ல எது எதுக்குன்னு புரியும்.

அடுத்தது பர்மிஷன். இடம் இப்போ பெரும்பாலும் விவசாயிங்க கையில இருக்கு, வீட்டுக்கதவைத் தட்டிக் கேளுங்க, முக்கால்வாசி பேர் சந்தோஷமா கதையும் சேத்து சொல்லுவாங்க. பூட்டியிருந்தா விட்டுருங்க, ஒடைக்காதீங்க.

மேல நின்னே நிறைய படிக்கலாம். ஏணி இறங்குற மூடி ஒரு பக்கம், காத்துக்குழாய் இன்னொரு பக்கம், நடுவுல ரெண்டு இரும்புக் குழாய், ஒண்ணு கதிர்வீச்சு அளக்க, இன்னொண்ணு வெடிப்போட அழுத்தம் அளக்க. மூடி இருக்குற கான்கிரீட் மேலதான் நாலு பக்கமும் ஊசித்துளை போட்ட ஒரு வெள்ளை டிரம்மை வைப்பாங்க, உள்ள போட்டோ பேப்பர், குண்டோட வெளிச்சம் அதுல சுட்ட இடத்தை வச்சு திசை கண்டுபிடிக்கணும். அந்தப் பேப்பரை மாத்த, உள்ள இருக்குற மூணு பேர்ல ஒருத்தர் வெடிச்ச கொஞ்ச நேரத்துலயே மேல ஏறி வரணும். எல்லாம் வாலண்டியருங்க, சாதாரண வேலை பாக்குறவங்க, சைரன் ஊதுனா குடும்பத்தை வீட்ல விட்டுட்டு இங்க வரணும்னு ஒத்துக்கிட்டவங்க. அந்த மூடிகிட்ட நின்னு இதை ஒரு நிமிஷம் யோசிங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

இறங்குறதுதான் ஆபத்து. ஏணி சுமார் 14 அடி, துருப்பிடிச்சிருக்கும், அந்தத் துருவே மூடின இடத்துல ஆக்சிஜனைத் தின்னுடும், தேங்குன தண்ணியில அழுகுனது கிடந்தா கெட்ட காத்தும் சேரும், இதுக்கெல்லாம் மூக்கை நம்ப முடியாது. ரொம்ப நேரம் மூடியைத் தொறந்து வைங்க, ஆக்சிஜனும் கெட்ட காத்தும் எவ்ளோ இருக்குன்னு காட்டுற கேஸ் மீட்டரைக் கயித்துல கட்டி மொதல்ல கீழ இறக்குங்க, மீட்டர் இல்லன்னா இறங்கவே வேணாம். மேல எப்பவும் ஒரு ஆள் நிக்கணும், கீழ போன் எடுக்காது. உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா மேல நிக்குறவர் இறங்கிக் காப்பாத்தப் போகக்கூடாது, அவசர உதவி நம்பர் 999க்கு போன் அடிக்கணும், இதை முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. மூடி ரொம்ப கனம், சாத்திக்காம இருக்க நல்லாக் கட்டிடுங்க.

கீழ ஒரே ரூம், 15 அடிக்கு ஏழரை அடி, பக்கத்துல கெமிக்கல் டாய்லெட் வைக்கிற ஒரு மூலை. நான் இறங்குன ஒண்ணுல கணுக்கால் வரை தண்ணி, ஆனா கட்டில் இரும்பும் மேசையும் அப்படியே இருந்துச்சு. எதையும் எடுக்காதீங்க, ஒரு பழைய பேப்பரைக்கூட. போட்டோ எடுங்க, ஏறி வந்ததும் மூடியை இறுக்கமா மூடுங்க, ஆடு மேயுற வயல் அது.