சுரங்கச் சாலை கேட்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்த நாளில் காலை எட்டு மணிக்கு காரைக்குடி செக்காலை ரோட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கல்யாண வேன், ஒரு பக்கம் மூட்டை இறக்கும் லாரி, நடுவில் டவுன் பஸ். அப்படி ஒரு நாளில் டீக்கடையில் பக்கத்தில் நின்ற தம்பி சொன்னான்: "அடியில ஒரு சுரங்கம் போட்டு விட்டுட்டா தீர்ந்துச்சுண்ணே." காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து நம் ஆசைகளும் கொஞ்சம் பெரிதாகிவிட்டன. ஆசைப்படலாம். ஆனால் பெரிய ஊர்களே இதில் செய்த தவறுகள் சில உண்டு.

முதல் தவறு, சுரங்கத்தைப் பார்த்துவிட்டு அதன் வாயைப் பார்க்காமல் விடுவது. பஸ்ஸும் லாரியும் போக உள்ளே ஐந்தரை மீட்டர் உயரம் வேண்டும். மேலே கூரை, அதற்கு மேல் ரோடு என்று கூட்டினால் 7 மீட்டராவது கீழே இறங்கியாக வேண்டும். நூற்றுக்கு நான்கு என்ற சரிவில் இறங்கினால் அதற்கு 175 மீட்டர் ஆகும். அந்த நீளம் முழுக்க நடுரோட்டில் திறந்த பள்ளம்தான். மறுமுனையில் ஏறுவதற்கும் அதே அளவு. இரண்டு பக்கக் கடைகளுக்கும் போய்வர தனியாக சர்வீஸ் ரோடும் வேண்டும். நீங்களே செக்காலை ரோட்டில் ஒருமுறை அடி வைத்து அளந்து பாருங்கள். மெஷின் வைத்துக் குடைந்தால் இன்னும் ஆழம், சரிவு இன்னும் நீளம்.

அடுத்தது, யார் எங்கே போகிறார்கள் என்று எண்ணாமல் இறங்குவது. ஊரைத் தாண்டிப் போகிறவருக்குத்தான் சுரங்கத்தால் லாபம். ஜவுளி எடுக்க, நகை பார்க்க, ஆஸ்பத்திரிக்கு என்று ஊருக்குள் வருகிறவர் மேலேதான் வருவார், மேலேதான் வண்டியை நிறுத்துவார். அப்புறம் இன்னொன்று: மும்பை கடற்கரைச் சாலைச் சுரங்கத்தில் டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. அந்த விதி இங்கே வந்தால் நம் நெரிசலில் பாதிக்கு மேல் மேலேயே நிற்கும்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் தோண்டுவது ஆபத்தான தவறு. 2019 ஆகஸ்டில் கொல்கத்தா பௌபஜாரில் மெட்ரோவுக்குக் குடைந்த மெஷின் நிலத்தடி நீரில் போய் இடித்தது. தண்ணீரும் மண்ணும் உள்ளே பாய, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டு, சில இடிந்தே விழுந்தன. நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொண்டேன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்; சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. பின்கட்டில் கிணறு. தூர்த்துவிட்டு மேலே தளம் போட்ட கிணறு எத்தனை, எந்த இடத்தில் என்பது அந்த வீட்டு ஆச்சிகளுக்குத்தான் தெரியும். வேலை தொடங்கும் முன்பே வீடு வீடாகப் போய் அதைக் கேட்டு எழுத வேண்டும். இருக்கிற விரிசலைத் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எந்த விரிசல் பழசு, எது புதுசு என்று பஞ்சாயத்துதான்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாஸ்டன் நகரத்துச் சுரங்கச் சாலைத் திட்டம் 280 கோடி டாலர் மதிப்பீட்டில் கிளம்பி 1,400 கோடியைத் தாண்டியது. கட்டி முடித்த பிறகும் காற்றாடி, விளக்கு, பம்பு, ஜெனரேட்டர், ராத்திரி ஆள் என்று மாதாமாதம் செலவு உண்டு.

கடைசித் தவறு தண்ணீர். எனக்கு இதுதான் முதல். செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி சும்மா அமையவில்லை. தெருவில் விழுந்த மழை வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்து வைத்தார்கள். அந்த வாட்டத்தின் குறுக்கே பள்ளம் வெட்டினால் அதுதான் ஊருக்குப் புது ஊருணி. டெல்லியில் பிரகதி மைதான் சுரங்கத்தை 2022-இல் திறந்தார்கள். அடுத்த ஆண்டு மழைக்கே தண்ணீர் நின்று மூட வேண்டி வந்தது. கோலாலம்பூரில் யோசனையே வேறு. 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் முதலில் வெள்ளத்தைத் திருப்பிவிடக் கட்டியது. 9.7 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டரில் மட்டும் கார் ஓடும். பெருவெள்ளம் என்றால் காரை வெளியேற்றிவிட்டு அதிலும் தண்ணீரை விடுவார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சப்வே உண்டு. ஒரு ஐப்பசி மழையில் சைலன்சர் முங்கி என் ஸ்கூட்டர் அங்கே நின்றுபோனது. பம்பு இருந்தது. பம்பு ரூமுக்குப் பூட்டு, சாவி வேறு ஊரில். ஒரு மணி நேரம் கழித்துச் சாவியோடு ஆள் வந்து திறந்து பார்த்தால், சுவிட்ச் போர்டு முழங்கால் உயரத்தில், பம்புக்கு முன்னால் அதுதான் நனைந்திருந்தது. போன வாரம் அந்த வழியாக வந்தேன். சுவரில் போன மழையின் சேற்றுக் கோடு இடுப்பளவில் தெரிகிறது. போர்டு இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. புதுசாக பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள்.